தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள்!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த ஒரு கூட்டத்தில், தொழிற்சங்க வக்கீல் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாகச் சம்பளம், பஞ்சப்படி, போனஸ் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிடுவீர்கள். இன்று வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறேன். பிரசவ வேளையில் நடந்த தவறால் ஆயுள் முழுவதும் பாதிக்கப்பட்டுவிட்ட குழந்தைக்கு நியாயம் கேட்பது எப்படி என்பதுதான் அது. இது சங்கத்து விஷயமா என்று சிலர் நினைக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலை நேரம். ஒரு தம்பதி சங்க ஆபீசுக்கு வந்தார்கள். அவர் ஆலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்கிறவர். மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். தாயின் தோளில் மூன்றரை வயதுக் குழந்தை. மூன்றரை வயது ஆகியும் கழுத்து நிற்கவில்லை. உட்கார முடியவில்லை. கஞ்சி கொடுத்தால்கூடப் புரையேறுகிறது.

"பிறந்தப்போ அழவே இல்லீங்கய்யா" என்றார் அந்தத் தாய். இரவு ஒன்பது மணிக்குப் பிரசவ வார்டில் சேர்த்திருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் வலி கடுமையாயிற்று. விடியும் வரை யாரும் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை, குழந்தையின் துடிப்பைக் கேட்கவில்லை என்கிறார். விடிந்த பிறகு ஓடினார்கள், பரபரத்தார்கள், ஆயுதம் போட்டு எடுத்தார்கள். குழந்தை நீலம் பூத்துப் பிறந்தது.

"இதுவரை ஏன் யாரிடமும் கேட்கவில்லை?" என்றேன். அவர் தலை குனிந்தார். "கிரகணத்தன்னிக்கு நான் வெளியே வந்துட்டேன்னு ஊரில சொன்னாங்க. என் தப்புதானோன்னு இருந்துட்டேன்" என்றார்.

தோழர்களே, மூன்றரை வருஷம் அந்தத் தாய் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். கிரகணம் எந்தக் குழந்தையின் மூளையையும் தொடாது. ஆனால் கவனிப்பாரற்ற ஒரு ராத்திரி தொடும். இதைப் புரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

எது தவறு? எது தவறல்ல?

வலி எடுத்துக் கர்ப்பப்பை சுருங்கும்போதெல்லாம் குழந்தைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறையும். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வலி வெகுநேரம் நீண்டாலோ, தொப்புள்கொடி நசுங்கினாலோ, மூளைக்குப் போதுமான பிராணவாயு கிடைக்காது. அந்த அபாயத்தை முன்கூட்டியே நமக்குச் சொல்வது குழந்தையின் இருதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது சாதாரண நிலை. அதனால்தான் வலி மும்முரமான பிறகு அரைமணிக்கு ஒரு தரமாவது துடிப்பைக் கேட்டு எழுத வேண்டும் என்பது முறை. பிள்ளை வெளிவரும் கட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்க வேண்டும். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை 4 மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுத வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே தாளில் கோடாக வரைவார்கள். பார்ட்டோகிராஃப் என்று அதற்குப் பெயர். கோடு வழி தவறினால் பெரிய டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஆபரேஷனா என்று முடிவு செய்ய வேண்டும் என்று அந்தத் தாளே எச்சரிக்கும்.

இன்னும் சில பாதிப்புகளும் உண்டு. தோள் சிக்கிக்கொண்ட குழந்தையைத் தலையைப் பிடித்து மிதமிஞ்சி இழுத்தால் கை நரம்புகள் அறுந்து கை தொங்கிவிடலாம். கடுமையான மஞ்சள் காமாலையை வேளையோடு கவனிக்காவிட்டால் அது மூளையைக் கெடுக்கும். குறைமாதக் குழந்தைக்குக் கண்பார்வை போகலாம்.

ஆனால் ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூளை வாதம் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிரசவ வேளைத் தவறு காரணமல்ல. குறைமாதப் பிறப்பு, கர்ப்ப காலத் தொற்று, பிறவிக் காரணங்கள் என்று பலவும் இருக்கலாம். விளைவு கெட்டதாக முடிந்ததாலேயே டாக்டர் குற்றவாளி என்று சட்டம் சொல்லாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த நிலைமையில் செய்யக்கூடியதைச் செய்தார்களா? செய்யாததால்தான் இந்தப் பாதிப்பு வந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். விடை எங்கே இருக்கிறது? ஆஸ்பத்திரியின் காகிதத்தில் இருக்கிறது.

சென்னையில் நடந்த வழக்கு

நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை 29-வது வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், பிராணவாயு கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் அபாயம் உண்டு. குறித்த வாரங்களுக்குள் கண் டாக்டர் பார்த்துச் சிகிச்சை செய்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டிலும் அப்படி ஒரு பரிசோதனை தேவை என்று ஒரு வரி இல்லை. பெற்றோருக்கு விஷயம் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தையின் பார்வை போயிற்று.

தகப்பனார் விடவில்லை. தேசிய நுகர்வோர் கமிஷன் 2009-ல் ரூ. 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அது போதாது என்று அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 ஜூலை 1-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஆயுள் முழுவதும் அந்தப் பெண்ணுக்கு ஆகக்கூடிய வைத்தியச் செலவு, வருஷா வருஷம் ஏறும் விலைவாசி, அதுவரை ஆன செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு, மொத்தம் சுமார் ரூ. 1 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது கோர்ட்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன இருந்தது என்பதைப் போலவே, என்ன இல்லை என்பதும் பேசியது. இரண்டாவது, வழக்கு முடிந்தபோது குழந்தைக்குப் பதினெட்டு வயது கடந்திருந்தது. சட்டத்தின் கதவு திறக்கும். ஆனால் மெதுவாகத் திறக்கும். ஆகவே வழக்கு முடியட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையை இன்றே தொடங்குங்கள். அந்தச் செலவுச் சீட்டுகளும் நாளைக்கு வழக்கில் சாட்சி சொல்லும்.

எந்த வாசலுக்குப் போவது?

பணம் கட்டி வைத்தியம் பார்த்த இடமானால் நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். டாக்டர்கள் செய்யும் வைத்தியமும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995 நவம்பர் 13-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1986-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2019-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதிலும் வைத்தியம் அடங்கும் என்பது 2022-ல் உறுதியாயிற்று. உங்கள் மாவட்டக் கமிஷனிலேயே மனுப் போடலாம். ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

ஆலைத் தொழிலாளர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தால் "அது இலவசம், கேட்க உரிமையில்லை" என்று யாராவது சொல்லக்கூடும். அது தப்பு. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். சந்தா கட்டிப் பெறும் வைத்தியம் இலவச வைத்தியம் அல்ல, ஆகவே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சர்க்கார் ஆஸ்பத்திரியானால்? எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்ற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியானால் இலவச நோயாளிக்கும் அந்த உரிமை உண்டு. முழுக்க இலவசமானாலும் வழி அடைபடவில்லை. சிவில் கோர்ட்டு இருக்கிறது, ஹைகோர்ட்டில் ரிட் மனு இருக்கிறது. மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-ல் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தபோது, வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். அவர் இறந்துபோனார். அந்தத் தவறுக்குச் சர்க்காரே பொறுப்பு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

நர்சம்மா மேல் ஆத்திரப்படுவதா?

இங்கே ஒரு வார்த்தை. அந்த ராத்திரி வார்டில் எத்தனை நர்சுகள் இருந்தார்கள்? பல ஆஸ்பத்திரிகளில் ஒரே நர்சு பல கட்டில்களுக்கு ஓடுகிறார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே எத்தனையோ கதிர்களைக் கவனிக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அவரும் உழைக்கும் பெண்தான். போதிய ஆள் போடாதது யார்? அவசரத்துக்கு டாக்டரை வைக்காதது யார்? நிர்வாகம். ஊழியர் செய்த தவறுக்கு நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே கண்ணாடியை உடைப்பதாலும், டாக்டரை அடிப்பதாலும் குழந்தைக்கு ஒரு பைசா வராது. நம் ஆட்கள் ஜெயிலுக்குப் போவார்கள், வழக்கின் பலம் போய்விடும். அவ்வளவுதான்.

போலீசில் புகார் கொடுத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அஜாக்கிரதை நிரூபணமாக வேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் வரையறுத்திருக்கிறது. நஷ்ட ஈட்டுக்குரிய பாதை வேறு.

வக்கீலுக்குப் பணம் ஏது?

உங்கள் மனதில் இருக்கும் கேள்வி இதுதான். 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவைக் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி. மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி. இவர்களுக்கு வருமானக் கணக்கே கேட்கக் கூடாது. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் இந்த வரிசைக்கு வெளியே இருக்கிறீர்கள்? அதிலும் வழக்கு குழந்தையுடையது. குழந்தை என்பதே போதும்.

மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. தாலுகாவிலும் குழு உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் அங்கே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வக்கீல் வைப்பது மட்டுமல்ல, கோர்ட்டுக் கட்டணமும் நகல் செலவும் அந்த உதவியில் அடங்கும். இது தர்மம் அல்ல. சட்டம் கொடுத்த பாத்தியதை.

காகிதமும் கெடுவும்

இனி நான் சொல்வதை வீட்டுக்குப் போய்ச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒன்று: கர்ப்ப காலத்து அட்டை, ஸ்கேன் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடைப் பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஒன்றைக்கூட எறியாதீர்கள்.

இரண்டு: குழந்தைக்குப் பாதிப்பு என்று சந்தேகம் வந்த உடனே முழு வைத்தியக் குறிப்பின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பார்ட்டோகிராஃப், துடிப்புக் குறிப்பு, நர்சுகளின் குறிப்பு, பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் போட்ட ஆப்கார் மதிப்பெண் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி. சர்க்கார் ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம்.

மூன்று: அந்தக் குறிப்பை ஆஸ்பத்திரி 3 வருஷம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. நுகர்வோர் கமிஷனில் மனுப் போட 2 வருஷம்தான் கெடு. தவறு எப்போது தெரியவந்தது என்பதையும் பார்ப்பார்கள், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் செய்வார்கள். ஆனால் மன்னிப்பை நம்பி உட்காரக் கூடாது. சிவில் கோர்ட்டில் குழந்தையின் சொந்த உரிமைக்குக் கெடு, பதினெட்டு வயதான பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் மூன்று வருஷம் உண்டு. ஆனால் அதற்குள் காகிதம் இருக்குமா? சாட்சி இருக்குமா?

நான்கு: வேறொரு டாக்டரிடம் காகிதங்களைக் காட்டி அபிப்பிராயம் எழுதி வாங்குங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமல்ல என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தாலும், பிரசவ வழக்கில் அது இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம்.

ஐந்து: "ஏதோ ஐம்பதாயிரம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு" என்று வந்தால் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அறுபது வருஷம் சோறூட்ட ஆள் வேண்டும். அந்தக் கணக்கை முதலில் போடுங்கள். குழந்தையின் நஷ்டம் வேறு, பெற்றோர் பட்ட வேதனை வேறு. 1998-ல் ஊசி மருந்து மாறிப் போட்டு மூளை கெட்டுப்போன ஒரு குழந்தைக்கு ரூ. 12½ லட்சமும், பெற்றோருக்குத் தனியே ரூ. 5 லட்சமும் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

சங்கம் எதற்கு?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1992-ல் மேற்கு வங்காளத்தில் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர். கல்கத்தாவில் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். படுக்கை இல்லை, கருவி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். அவரும் அவருடைய சங்கமான பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதியும் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். வேளையோடு வைத்தியம் மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதே என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. பணமில்லை என்று சர்க்கார் கைவிரிக்க முடியாது என்றது கோர்ட்டு. அவருக்குக் கிடைத்தது ரூ. 25,000. நாட்டின் ஏழைகள் அத்தனை பேருக்கும் கிடைத்தது ஒரு தீர்ப்பு. தனி ஆளாகப் போயிருந்தால் அவர் ஒரு அபாக்கியவான். சங்கத்தோடு போனதால் அது சட்டமாயிற்று.

நாமும் அப்படிச் செய்யலாம். ஒவ்வொரு கிளையிலும் படித்த ஒரு தோழர் காகிதம் கேட்டு மனு எழுதிக் கொடுக்கட்டும். ஒரு தோழி அந்தத் தாயோடு ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போகட்டும். வாய்தாவுக்குப் போகிற அன்று கூலி போகிறதே, அதற்குக் கிளை கைகொடுக்கட்டும்.

முதலில் சொன்ன அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். குறிப்பு கேட்டு எழுதினோம். மூன்று வருஷம் கடந்துவிட்டது, இல்லை என்று பதில் வந்தது. வீடு மாறும்போது தூக்கிப் போட்ட காகிதங்களில் மிஞ்சியது மழையில் நனைந்த டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றுதான். அதில் "பிறந்தவுடன் அழவில்லை" என்ற வரி மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு, சட்ட உதவி வக்கீலும் நானும் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறோம். ஜெயிப்போமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் இதைவிடத் தைரியமாகப் பேசியிருப்பேன்.

அந்தத் தாய் இன்று இந்தக் கூட்டத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். "என் கதையைச் சொல்லுங்கய்யா, இன்னொருத்தி காகிதத்தைத் தூக்கிப் போட்டுடக் கூடாது" என்று அவர்தான் என்னைப் பேசச் சொன்னார். இப்போது அவர் கிரகணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ராத்திரி துடிப்பைக் கேட்டவர் யார், எத்தனை மணிக்குக் கேட்டார் என்று கேட்கிறார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை அவரோடு நிற்போம். உங்கள் தெருவிலும் கழுத்து நிற்காத ஒரு குழந்தை இருந்தால், நாளைக்கே அந்த வீட்டுக்குப் போங்கள். முதலில் அந்தத் தாயிடம், "உன் மேல் தப்பில்லை அம்மா" என்று சொல்லுங்கள். அப்புறம், "காகிதங்களை எடுத்துக்கொண்டு வா, சங்கத்துக்குப் போவோம்" என்று கூப்பிடுங்கள்.